முகம் கழற்றிய நாள்

மரியாதை கொடுத்தே கெட்டுப்போனவர்களைக் காட்டு என்று யாராவது கேட்டால், இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் கும்மிடிப்பூண்டியில் ஒரு தகடு கம்பெனியின் டிஸ்பென்சரி ஹாலில் தினமும் காலை பத்து மணிக்கு வரிசையில் நின்ற பதினோரு பேரைக் காட்டலாம். செண்பகமும் அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி. அதனால்தான் கடைசியில் அவளுக்கு வந்த கோபத்தில் பாதி அவள் மேலேயே வந்தது.

செண்பகத்துக்கு ஊர் ஆரம்பாக்கம். வயது முப்பத்திநாலு. ஆறு வருஷமாகத் தகடு வெட்டும் பிரஸ் மெஷினில் வேலை. சித்திரை மாதத்தில் ஏழாம் நம்பர் பிரஸ் அவளுடைய வலது கையைப் பிடித்துக்கொண்டது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் போயின. மற்ற மூன்றும் இருக்கின்றன, பெயருக்கு. நுனியில் உணர்வே கிடையாது. டீ டம்ளரைப் பிடித்தால், பிடித்திருக்கிறோமா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் மணிக்கட்டில் மட்டும் வலி குறைவில்லாமல் இருந்தது.

அடிபட்டவர்களுக்கெல்லாம் ஆறு வாரம் பயிற்சி என்று கம்பெனி சொன்னது. முடிந்ததும் ஒரு ரிப்போர்ட். கை சரியாகிவிட்டது என்று வந்தால், பழைய மெஷினுக்கே திரும்ப வேண்டும். சரியாகவில்லை என்று வந்தால் பேக்கிங் பக்கம் மாற்றுவார்கள். செண்பகத்துக்கு வேண்டியதெல்லாம் அந்த மாற்றம்தான். இந்த மரத்த கையோடு ஏழாம் நம்பரில் போய் உட்கார்ந்தால், மிச்ச மூன்று விரலும் தீபாவளி வரை தாங்காது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும்.

பயிற்சி கொடுத்தது மனிதர் இல்லை. அன்புசெல்வன் என்று ஒரு பையன், வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் வந்துபோகிறவன், இன்ஜினியரிங் முடித்துவிட்டு மேலே படித்துக்கொண்டிருந்தான். அவன் செய்த ரோபோதான் பயிற்சி கொடுத்தது. "கையை உயர்த்துங்கள். நன்று. இன்னும் ஐந்து முறை" என்று பேசும். எதிரே இருப்பவர் கையை எவ்வளவு உயர்த்துகிறார் என்று கேமராவில் பார்த்துக் குறித்துக்கொள்ளும். செண்பகத்தைப் போல விரல் போனவர்களுக்கு ஒரு ரப்பர் பந்து. அழுத்தினால் அதற்கும் ஒரு எண் ஏறும். "வலி இருந்தால் சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லும். அழுத்தினால் மணி அடிக்கும், பயிற்சி நிற்கும், யாருக்கு எப்போது வலித்தது என்பது கம்ப்யூட்டரில் பதிவாகும்.

நல்ல யோசனைதான். குறை சொல்ல ஒன்றும் இல்லை. முதலில் அதற்கு முகமும் கிடையாது. ஒரு இரும்புக் குழாய், மேலே இரண்டு கேமரா, நடுவில் ஒரு ஸ்பீக்கர், பின்னால் கொத்தாக ஒயர். அதைத் தள்ளிக்கொண்டு வந்த அன்றைக்கு ஊழியர் அதிகாரி அருணாச்சலம் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இதைப் பார்த்தா எவன்ப்பா மதிப்பான்? ஆளு மாதிரி பண்ணு. ஆபீசர் மாதிரி பண்ணு. அப்பதான் நம்ம ஜனம் சொன்ன பேச்சு கேட்கும்."

அன்புசெல்வன் என்ன செய்வான், பாவம். பொன்னேரியில் ஒரு ஜவுளிக் கடையில் பழைய ஆண் பொம்மையின் தலையை வாங்கி வந்து முன்பாதியை அறுத்துக் குழாயில் மாட்டினான். எலுமிச்சை நிறம், கூரான மூக்கு. நீலமாக இருந்த கண்ணுக்குக் கறுப்பு அடித்து, மீசை ஒட்டி, பேசும்போது தாடை அசைய ஒரு மோட்டாரும் வைத்தான். வெள்ளைச் சட்டை, நீல டை, கழுத்தில் கம்பெனி அட்டை. அட்டையில் 'பயிற்சி அதிகாரி' என்று எழுதியிருந்தது. ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள். இங்கே ஆளே கிடையாது, முழுசும் ஆடைதான். ஆனால் அது போதுமாயிருந்தது.

முதல் நாளே செருப்பைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். யாரும் சொல்லவில்லை. ஆரணிப் பக்கத்துப் பரசுராமன், ஒரு ஏக்கர் நெல்லும் வைத்துக்கொண்டு லோடிங்கிலும் வேலை செய்தவர், முதுகு பிடித்துக்கொண்டு வந்தவர், மடித்துக் கட்டியிருந்த வேட்டியை வாசலிலேயே இறக்கிவிட்டார். "வணக்கம் சார்" என்றார். அது "வணக்கம் பரசுராமன்" என்றது. மனிதருக்கு முகமெல்லாம் பல். மறுவாரம் ஒரு மஞ்சப்பையில் வேர்க்கடலை கொண்டுவந்து அதன் காலடியில் வைத்தார். அதற்கு வாய் இருக்கிறதே தவிர வயிறு இல்லை என்று அன்புசெல்வன் சொல்லியும் கேட்கவில்லை.

"இருக்கட்டும் தம்பி, சாருக்குன்னு எட்தாந்துட்டேன்" என்றார்.

பீவி ஜானுக்குப் பழவேற்காடு. கடைகண்ணி வைத்து வியாபாரம் செய்த குடும்பம், நொடித்துப்போய் இவள் ஒருத்தி கம்பெனிக்கு வந்தவள். பெட்டி தூக்கித் தூக்கித் தோள்பட்டை இறங்கியிருந்தது. வாயைத் திறந்தால் கேன்டீனே சிரிக்கும். அவளும் அந்த முகத்துக்கு எதிரே போனதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் தூக்கினாள். கண்ணில் தண்ணீர் நின்றது. சிவப்புப் பொத்தான் அரை முழத் தூரத்தில் இருந்தது.

"வலிக்குதுன்னா அழுத்த வேண்டியதுதானே பீவிக்கா?" என்று வெளியே வந்ததும் செண்பகம் கேட்டாள்.

"எப்டிமா அழுத்தறது? அந்தாளு மூஞ்சியப் பாத்துக்கினு? எனக்கு ஒரே பேஜாரா கீது."

"அது ஆளே இல்லக்கா."

"எனக்குத் தெரியாதா? நீ மட்டும் அழுத்தினியா?"

செண்பகம் அழுத்தவில்லை. அழுத்தாதது மட்டும் இல்லை, இன்னும் கேவலம். பந்தை விரலால் அழுத்த முடியாதபோது வயிற்றோடு வைத்து உள்ளங்கையால் அமுக்கினாள். எண் ஏறியது. "மிக நன்று செண்பகம்" என்றது அது. ஆறு வருஷத்தில் அந்தக் கம்பெனியில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தரும் அவளிடம் சொல்லாத வார்த்தை. உள்ளுக்குள் குளிர்ந்துபோனாள். மறுநாளும் வயிற்றில் வைத்தே அமுக்கினாள். தன் குழியைத் தானே வெட்டுகிறோம் என்று அப்போது உறைக்கவில்லை.

இதில் வெளியூர்க்காரனுக்குப் புரியாத ஒன்று இருக்கிறது. அந்தக் கம்பெனியில் ஒவ்வொரு மெஷினிலும் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. ஆபத்து என்றால் அடித்து நிறுத்த. ஆனால் அடித்தவர், பெயர், நேரம், காரணம் மூன்றும் எழுதி அருணாச்சலத்திடம் கொடுக்க வேண்டும். அவர் அதை உரக்கப் படிப்பார். "சத்தம் வித்தியாசமா வந்துச்சாம். மெஷின் உன்கிட்ட ரகசியம் பேசுச்சா?" என்று எல்லார் முன்னாலும் கேட்பார். ஒருதடவை எழுதினவர் மறுதடவை அடிக்க மாட்டார். சிவப்புப் பொத்தான் என்றாலே கை பின்னால் போகும்படி பழக்கிவைத்திருந்தார்கள், சூடு கண்ட பூனை மாதிரி.

செண்பகமும் பங்குனியில் ஒருதடவை எழுதிக் கொடுத்தவள்தான். சித்திரையில் ஏழாம் நம்பர் பெடலை மிதிக்காமலே ஒருமுறை தானாக இறங்கி ஏறியது. அப்போதே அடித்திருக்க வேண்டும். கை பொத்தானுக்குப் போனது, போன கை நின்றது. எழுத வேண்டுமே, படிப்பாரே என்று ஒரு நொடி யோசித்தாள். மாட்டிக்கொண்ட தகட்டை மட்டும் எடுத்துவிடலாம் என்று மற்றக் கையை உள்ளே நீட்டினாள். மெஷின் இரண்டாம் முறை இறங்கியது. ரெண்டு விரலை ஒரு கடுதாசிக்குப் பயந்து விட்டவள் அவள். இந்தக் கதையை அவள் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை.

நாலாவது வாரம் வியாழக்கிழமை, தாடையை அசைக்கிற மோட்டார் சூடாகிப் புகைந்தது. அன்புசெல்வன் முகத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். சட்டையில் புகை வாடை ஏறியிருந்ததால் அதையும் டையையும் எடுத்துவிட்டான். குழாயும் கேமராவும் ஒயருமாக அது நின்றது. "முகம் இல்லைன்னாலும் வேலை செய்யும், வாங்க" என்று கூப்பிட்டான்.

அன்றைக்கு நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பரசுராமன் வேட்டியை இறக்கவில்லை. செருப்போடு உள்ளே வந்தார். "குனியுங்கள்" என்றது அது. பாதி குனிந்தவர், "அட போடா டப்பா, உயிர் போவுது" என்று சொல்லிக்கொண்டே சிவப்புப் பொத்தானில் ஓங்கி ஒரு போடு போட்டார். மணி கணகணவென்று அடித்தது. திரும்பிப் பார்த்தார். யாரும் திட்டவில்லை. இன்னொரு போடு போட்டார்.

பீவி ஜான் முக்காட்டைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு கையைத் தோள் மட்டத்துக்குத் தூக்கி, "இவ்ளோதான் வரும், இதுக்கு மேல வராது, உன்னால ஆனதப் பாத்துக்கோ" என்று அதனிடம் சண்டை போட்டாள். செண்பகம் பந்தை விரலுக்குள் வைத்தாள். பந்து நழுவி உருண்டு கதவு வரை போனது. மணிக்கட்டில் சுரீர் என்றது. பொத்தானை அழுத்தினாள். கை பின்னால் போகவே இல்லை. அன்றைக்கு மட்டும் மணி பதினாலு தடவை அடித்தது.

வெள்ளிக்கிழமை முகம் திரும்பி வந்தது. மணி நின்றது. செண்பகம் அன்றைக்கும் பந்தை வயிற்றில் வைத்துத்தான் அமுக்கினாள். ஆனால் இந்தத் தடவை தான் செய்வதைத் தானே பார்த்துக்கொண்டு அமுக்கினாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. எல்லாரும் போன பிறகு அன்புசெல்வனிடம் போய் நின்றாள்.

"தம்பி, நேத்து மணி அடிச்சுதே, அது ரிப்போர்ட்ல வருமா?"

"அது வராதுக்கா. மத்த நாளெல்லாம் சைபர். ஒரு நாள் மட்டும் பதினாலுன்னா அது மிஷின் கோளாறு. அந்த நாளை எடுத்துட்டேன்."

"கோளாறு இல்ல தம்பி. நேத்து ஒருநாள்தான் நாங்க நெசம் சொன்னோம்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். புத்திசாலிப் பையன், புரிந்துவிட்டது. ஆனால் புரிந்தால் மட்டும் போதுமா? "முகம் வெச்சா மரியாதையா நடந்துக்கிறாங்கன்னு அருணாச்சலம் சாருக்கு எழுதியே கொடுத்துட்டேன்கா" என்றான் மெல்ல.

"மரியாதையாதான் நடந்துக்கினோம். அதான் கஷ்டமே" என்று சொல்லிவிட்டு அவள் ரயிலுக்குப் போனாள்.

ரிப்போர்ட் வாசித்தது ஆறாவது வாரம் புதன்கிழமை. பதினோரு பேரும் வரிசையில். மேஜைக்குப் பின்னால் அருணாச்சலம் உட்கார்ந்திருந்தார், எதிரே ஃபைல். அவருக்குப் பக்கத்தில், மீசையும் டையுமாக அந்தப் பயிற்சி அதிகாரி. இரண்டு பேருக்கும் சட்டை ஒரே வெள்ளை.

"ஆறு வாரம், பதினோரு பேர்" என்று ஆரம்பித்தார் அருணாச்சலம். "ஒருத்தர்கூட ஒரு தடவைகூட வலின்னு அழுத்தல. ரொம்ப சந்தோஷம். பரசுராமன், முதுகு இயல்பு. பீவி ஜான், தோள் இயல்பு. செண்பகம், கைப்பிடி இயல்பு. டாக்டர் கையெழுத்துப் போட்டதும் திங்கட்கிழமையிலிருந்து எல்லாரும் அவங்கவங்க மெஷினுக்குப் போகலாம். செண்பகம், உனக்கு ஏழாம் நம்பர்."

ஏழாம் நம்பர் என்றதும் செண்பகம் வலது கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். வரிசையைப் பார்த்தாள். எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குனியக் குனியக் குட்டத்தான் செய்வார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும். ஆனது ஆகட்டும் என்று வாயைத் திறந்தாள்.

"சார், ஒரு நாளு மணி பதினாலு தடவ அடிச்சுது."

"எந்த நாள்?" அவர் அன்புசெல்வனைப் பார்த்தார்.

"அன்னைக்கு முகம் இல்ல சார். அதனால சேர்க்கல."

"அப்ப அது கணக்கில்ல. மிஷின் பொய் சொல்லாதும்மா."

"மிஷின் சொல்லல சார். நாங்கதான் சொன்னோம். ஆறு வாரமா."

சொல்லிவிட்டு அவள் நிற்கவில்லை. நேராக அந்தப் பயிற்சி அதிகாரியிடம் போனாள். இடது கையால் டையைப் பிடித்து உருவினாள். பட்டனைக் கழற்ற ஒரு கை போதவில்லை, சட்டையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பட்டன் தெறித்தது. "ஏய், என்ன பண்ற நீ" என்று அருணாச்சலம் எழுந்தார். அவள் முகத்தின் ஓரத்தில் விரலைக் கொடுத்து நெம்பினாள். மீசையோடு முகம் கையில் வந்தது. அதை ஃபைலுக்குப் பக்கத்தில் மேஜைமேல் வைத்தாள், மல்லாக்க.

"தம்பி, போட்டு விடு" என்றாள்.

அன்புசெல்வன் அருணாச்சலத்தைப் பார்த்தான். பிறகு குனிந்து சுவிட்சைப் போட்டான். அதற்காக அவனை எத்தனை தடவை வேண்டுமானாலும் பாராட்டலாம்.

"பந்தை அழுத்துங்கள்" என்றது குழாய்.

செண்பகம் எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி கையை நீட்டிப் பந்தை விரலுக்குள் வைத்தாள். மூன்று விரலும் மடங்கப் பார்த்தன. மடங்கவில்லை. பந்து விழுந்தது. வலி முழங்கை வரை ஏறியது. இடது கையால் சிவப்புப் பொத்தானை அடித்தாள். பொம்மைக்கு முன்னால் இல்லை, இந்தத் தடவை நிஜ அதிகாரிக்கு முன்னால் அடித்தாள். மணி அந்த ஹாலை நிறைத்தது.

"நிறுத்து" என்றார் அருணாச்சலம். முகம் சிவந்துவிட்டது. வேறு என்ன சொல்வதென்று தெரியாமல், பதினைந்து வருஷமாகச் சொல்லிப் பழகினதையே சொன்னார். "சிவப்பை அடிச்சா எழுதிக் கொடுக்கணும், தெரியுமில்ல? பேர், நேரம், காரணம். இப்பவே எழுது." ஃபைலிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி மேஜையில் அறைந்தார். தன் சட்டைப் பையிலிருந்த பேனாவையும் நீட்டினார்.

செண்பகம் வலது கையை நீட்டிப் பேனாவை வாங்கினாள். விரல் நடுவே வைத்துப் பார்த்தாள். தாளைத் தொடுவதற்குள் பேனா விழுந்தது. எடுத்து வைத்தாள். மறுபடியும் விழுந்து அவருடைய ஷூவுக்குப் பக்கத்தில் உருண்டது. நடிப்பு இல்லை, ஆறு வாரமாகப் பந்தை வயிற்றில் வைத்து அமுக்கினதுதான் நடிப்பு.

இந்தத் தடவை அவள் குனியவில்லை.

"பேனா நிக்கல சார். நீங்களே எழுதுங்க. நான் சொல்றேன்."

அருணாச்சலம் தாளைப் பார்த்தார். அதற்குப் பக்கத்தில் ஃபைல் திறந்தே கிடந்தது: செண்பகம், கைப்பிடி இயல்பு. அவரே வாசித்தது, ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பத்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது யாரும் தரையைப் பார்க்கவில்லை. அவர் தானே குனிந்து பேனாவை எடுத்தார்.

"பேரு செண்பகம்" என்றாள் அவள். "நேரம் பத்தே முக்கா. காரணம், வலிக்குது."

பேனா தாளில் நகர்ந்தது.

அதற்குள் பின்னால் மணி அடித்தது. முக்காட்டைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு பீவி ஜான் பொத்தான்மேல் கை வைத்து நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் பரசுராமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தாள் எடுங்க சார்" என்றாள் செண்பகம். "அதுக்கு முன்னாடி என்னுது படிச்சுக் காட்டுங்க. எப்பவும் படிப்பீங்களே, அந்த மாதிரி சத்தமா."